365 படி ஏறுங்க... 14 நாள் ஊர் சுற்றுங்க!

குட்டீஸ்! முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் உங்கள் வீட்டில் முதலில் எழும் கேள்வி என்ன? "லீவுக்கு எங்கே போகலாம்?" என்பதுதானே!

அப்பா ஓர் ஊர் சொல்வார். அக்கா வேறு ஊர் சொல்வாள். தம்பி தரையில் புரண்டு அழுது மூன்றாவதாக ஒரு ஊர் சொல்வான். கடைசியில் எல்லா ஊருக்கும் நான்கே நாளில் ஓடி, பாதி நேரம் பஸ்சில் தூங்கி, மீதி நேரம் வரிசையில் நின்று, காய்ச்சலோடு வீடு திரும்புவோம். "அடுத்த வருஷம் எங்கேயும் போகக்கூடாதுடா சாமி!" என்று அம்மா கும்பிடு போடுவார்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. ஐரோப்பாவின் வடக்கே டென்மார்க், சுவீடன், நார்வே என்று மூன்று நாடுகள் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்து ஸ்காண்டிநேவியா என்பார்கள். அங்கே கோடை விடுமுறைக்கு இரண்டு வாரம் சுற்றப் போகிறவர்கள் கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஓஸ்லோ என்று மூன்று தலைநகரங்களையும் பட்டியலில் எழுதுவார்கள். அதோடு நார்வேயின் வடகோடியில் உள்ள நார்ட்காப் முனையையும் சேர்ப்பார்கள். அங்கே மே மாத நடுவிலிருந்து ஜூலை மாதக் கடைசி வரை சூரியன் மறையவே மறையாது. நள்ளிரவிலும் வெயில் அடிக்கும்!

பட்டியல் பிரமாதம்தான். ஆனால், ஓஸ்லோவிலிருந்து நார்ட்காப்புக்குச் சாலை வழியே ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். நம் திருத்தணியிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பினாலும் அவ்வளவு தூரம் வராது! பட்டியல் போட ஐந்து நிமிடம் போதும். திட்டம் போடத்தான் மூளை வேண்டும்.

அந்தத் திட்டத்தை இந்த வருடம் நீங்களே போட்டால் என்ன? பெரியவர்கள் அசந்து போவார்கள். வாருங்கள், சேர்ந்தே போடுவோம்.

நம்ம குடும்பம் இதுதான்

உங்கள் வீடு திருத்தணி மலையடிவாரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, அக்கா, நீங்கள், தம்பி என ஆறு பேர். கையில் 14 நாட்கள்.

பாட்டிக்கு எழுபது வயது. அவர் பிறந்தபோது திருத்தணி ஆந்திராவில் இருந்தது! ம.பொ.சிவஞானம் போன்றவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1ல்தான் அது அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பிறந்த வீட்டிலிருந்து ஓர் அடிகூட நகராமல் மாநிலம் மாறியவர் உங்கள் பாட்டி.

முருகனின் ஆறுபடை வீடுகளில் ஒன்று திருத்தணி. அதை வாசலில் வைத்துக்கொண்டு, மற்ற ஐந்தையும் பாட்டி பார்த்ததே இல்லை. "கால் நல்லா இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துடணும்" என்று அடிக்கடி சொல்வார். வாய்விட்டு அதற்கு மேல் கேட்க மாட்டார்.

ஆக, இந்த வருடப் பயணம் ஆறுபடை வீடு. முடிவாகிவிட்டது!

பாட்டு வரிசையா? பாதை வரிசையா?

ஆறுபடை வீடுகளைப் பாடிய பழைய நூல் திருமுருகாற்றுப்படை. எழுதியவர் நக்கீரர். அதில் வரும் வரிசை இது: திருப்பரங்குன்றம், திருச்செந்தூர், பழநி, சுவாமிமலை, திருத்தணி, பழமுதிர்சோலை.

இதே வரிசையில் கிளம்பினால் என்ன ஆகும்? திருத்தணியிலிருந்து முதலில் மதுரைப் பக்கம் போக வேண்டும். அங்கிருந்து கடற்கரை ஓரம் திருச்செந்தூர். மறுபடி வடக்கே ஏறிப் பழநி. பிறகு கும்பகோணம் அருகே சுவாமிமலை. அடுத்து திருத்தணி, அதாவது உங்கள் வீட்டு வாசல்! அப்புறம் பழமுதிர்சோலைக்காக மறுபடியும் மதுரைக்கு ஓட வேண்டும். திருப்பரங்குன்றமும் பழமுதிர்சோலையும் மதுரையை ஒட்டியே இருக்கின்றன. ஆனால் வரிசையில் ஒன்று முதலாவது, இன்னொன்று கடைசி.

நக்கீரர் எழுதியது பாட்டு. ரயில் கால அட்டவணை இல்லையே!

ஒரு தமிழ்நாடு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போக வேண்டிய ஊர்களில் சிவப்புப் பொட்டு வையுங்கள். ஒரு நூலை எடுத்து, பொட்டுகளைத் தொட்டுக்கொண்டே சாலையின் வளைவோடு வைத்துப் பாருங்கள். நூலை அப்புறம் நீட்டி, வரைபடத்தின் அளவுகோலோடு ஒப்பிட்டால் தூரம் வந்துவிடும். எந்த வரிசையில் நூல் குறைவாகச் செலவாகிறதோ, அதுதான் உங்கள் வழி.

நூல் சொல்லும் வழி இதோ: திருத்தணி - சென்னை சுமார் 85 கி.மீ., சென்னை - கும்பகோணம் சுமார் 300, கும்பகோணம் - தஞ்சாவூர் - திருச்சி - திண்டுக்கல் - பழநி சுமார் 255, பழநி - மதுரை சுமார் 120, மதுரை - திருச்செந்தூர் சுமார் 180. கூட்டினால் 940 கி.மீ. போன வழியில் திரும்பாமல் தெற்கே இறங்கிக்கொண்டே போகலாம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்கு இரவு ரயில் இருக்கிறது. ஏறிப் படுத்தால் போதும்.

மலையில் ஒரு பரீட்சை

அடுத்து என்ன, டிக்கெட் எடுப்பதா? பொறுங்கள். அதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் பார்க்க வேண்டும். அதற்கு உங்கள் ஊரைவிட நல்ல இடம் கிடையாது.

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருடத்தின் நாட்களுக்கு ஒன்றாக என்று சொல்வார்கள். அதனால்தான் டிசம்பர் 31 அன்று படித் திருவிழா நடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, வீட்டில் எல்லோரையும் அழைத்துக்கொண்டு படி ஏறுங்கள். கையில் ஒரு நோட்டும் கடிகாரமும் இருக்கட்டும். யார் எத்தனையாவது படியில் நின்றார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். யாரையும் அவசரப்படுத்தக் கூடாது. பாட்டிக்கு முடியவில்லை என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். மேலே போக வண்டிப் பாதை இருக்கவே இருக்கிறது.

இப்போது கணக்குப் போடுவோம். பாட்டி 50 படி ஏற 3 நிமிடம் எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு 50 படிக்கும் 3 நிமிடம் உட்காருகிறார். அப்படியானால் 365 படிக்கு நடை 22 நிமிடம், ஏழு தடவை உட்கார 21 நிமிடம். மொத்தம் 43 நிமிடம்.

இதே கணக்கைப் பழநிக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே 693 படிகள். நடை 42 நிமிடம், ஓய்வு 39 நிமிடம். ஒரு மணி 21 நிமிடம் ஆகிறது! அதுவும் போகப் போகக் களைப்பு கூடாது என்று வைத்துக்கொண்டால்தான். நல்லவேளை, பழநி மலையில் இழுவை ரயில் இருக்கிறது. 2004லிருந்து ரோப் காரும் ஓடுகிறது. ஆனால் பராமரிப்புக்காக ரோப் காரை நிறுத்தும் நாட்களும் உண்டு. பலமாகக் காற்றடித்தாலும் நிறுத்திவிடுவார்கள். எனவே, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது முக்கியம்.

சுவாமிமலைக்கு 60 படிகள்தான். தமிழ் வருடங்கள் அறுபதுக்கு ஒன்றாக அமைந்தவை. பாட்டி ஏழு நிமிடத்தில் ஏறிவிடுவார். பழமுதிர்சோலைக்கு மலை மேலேயே வண்டி போகும். திருப்பரங்குன்றம் மலையடிவாரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த கோயில். உச்சி வரை ஏற வேண்டியதில்லை என்றாலும் உள்ளே படிகள் உண்டு. திருச்செந்தூரோ கடற்கரை. மலையே ஏற வேண்டாம்.

இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? இதைப் போடாமல் கிளம்பினால், நீங்கள் எல்லோரும் துள்ளிக்கொண்டு மலை ஏறுவீர்கள். "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேயே பையைப் பார்த்துக்கறேன்" என்று பாட்டி அடிவாரத்தில் உட்கார்ந்துவிடுவார். யாருடைய ஆசைக்காகக் கிளம்பினோமோ, அவரே பைக்குக் காவல்! அது நியாயமா, சொல்லுங்கள்?

குடும்பத்தில் யார் முதலில் களைப்பாரோ, அவருடைய வேகம்தான் பயணத்தின் வேகம். அது பாட்டியாகவும் இருக்கலாம். தம்பியாகவும் இருக்கலாம்.

வெயிலுக்கு ஒரு பூட்டு

ஸ்காண்டிநேவியாவின் வடக்கில் ராத்திரியிலும் வெளிச்சம் இருப்பதால், தூங்க மறந்து சுற்றிக் களைத்துப் போகிறவர்கள் உண்டு. ஜன்னலுக்குக் கனமான திரை போட்டுத்தான் தூங்க வேண்டும். நமக்கு அந்தக் கவலை இல்லை. நமக்கு மதிய வெயில்தான் வில்லன்! மே 4ஆம் தேதி வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். கோயில் பிரகாரத்துக் கல்லில் வெறுங்காலை வைத்தால் அப்பளம்தான்.

எனவே காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரைக்கும் ஒரு பூட்டு. அந்த நேரத்தில் சாப்பாடு, தூக்கம், கதைப் புத்தகம் மட்டும். பல கோயில்களில் மதியம் நடை சாத்துவதால் இதில் நஷ்டமும் இல்லை.

காலண்டரையும் பார்த்துவிடுங்கள். மதுரையில் சித்திரைத் திருவிழா நடக்கும்போது அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. வைகாசி விசாகத்தன்று திருச்செந்தூரில் மனிதத் தலைதான் தெரியும். கூட்டம் பிடிக்கும் என்றால் அப்போது போகலாம். பாட்டியோடு போகும்போது வேண்டாம்.

ஆளுக்கு ஒரு ஆசை

இனிமேல்தான் சண்டையே! பழநி போகிறோம், பக்கத்தில்தானே கொடைக்கானல் என்பாள் அக்கா. திருச்செந்தூர் போகிறோம், அப்படியே கன்னியாகுமரி என்பார் அப்பா. மதுரை போகிறோம், 2025ல் திறந்த புதிய பாம்பன் பாலத்தை ரயிலில் கடக்க வேண்டும் என்பான் தம்பி. மூன்றையும் சேர்த்தால் ஆறேழு நாட்கள் கூடுதலாக வேண்டும். எங்கே போவது?

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு காகிதத்தில் ஆளுக்கு ஒரே ஒரு ஆசை எழுதட்டும். அது நம் பாதையிலேயே, அல்லது ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்க வேண்டும். பொருந்தாததைக் கிழித்துப் போடாதீர்கள். "அடுத்த வருடம்" என்று தலைப்புப் போட்ட இரண்டாவது காகிதத்தில் பத்திரமாக எழுதி வையுங்கள். "முடியாது" என்று சொன்னால் தம்பி அழுவான். "அடுத்த வருஷம் முதல் இடம் உன்னுடையது" என்று எழுதிக் காட்டினால் கண்ணைத் துடைத்துக்கொள்வான். அப்படி எழுதிய சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும்!

சரி, உங்கள் ஆசை என்ன? நான் ஒன்று சொல்லட்டுமா? ஸ்காண்டிநேவியா!

சிரிக்காதீர்கள். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடிக்கு ஒரே நாளில் போய் வந்துவிடலாம். அங்கே கடலைப் பார்த்தபடி நிற்கிறது டேனிஷ் கோட்டை. 1620ல் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் அனுமதி கொடுக்க, டென்மார்க்காரர்கள் கட்டியது. அப்போது டென்மார்க்கின் அரசர் நான்காம் கிறிஸ்டியன். நாயக்கர் அவருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 1706ல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புத்தகம் அச்சிட்டார். 1845ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டென்மார்க்காரர்கள் கிளம்பிவிட்டார்கள்.

1618ல் டென்மார்க்கிலிருந்து கிளம்பிய அவர்களுடைய கப்பல்கள் இந்தப் பக்கம் வந்து சேர ஒன்றரை வருடம் ஆனது. வழியில் நோயால் ஏராளமானவர்கள் இறந்துபோனார்கள். திட்டம் சரியில்லாத பயணம் எவ்வளவு ஆபத்தானது, பார்த்தீர்களா?

இதோ 14 நாள் திட்டம்

நாள் 1: திருத்தணியிலிருந்து சென்னை வழியாகக் கும்பகோணம். அன்று பயணம் மட்டும்தான்.

நாள் 2: காலையில் சுவாமிமலை. மாலையில் அதே ஊரில் ஐம்பொன் சிலை வார்ப்பதைப் பார்க்கலாம்.

நாள் 3: பக்கத்திலேயே தாராசுரம் கோயில். 2004ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நாள் 4: தரங்கம்பாடி.

நாள் 5: தஞ்சாவூர். ஆயிரம் வயது தாண்டிய பெரிய கோயிலை மாலை வெயிலில் பாருங்கள்.

நாள் 6: தஞ்சாவூரிலிருந்து பழநி. நீண்ட பயணம். இரவு சீக்கிரம் தூக்கம்.

நாள் 7: பழநி மலை.

நாள் 8: பழநியிலிருந்து மதுரை.

நாள் 9: காலையில் திருப்பரங்குன்றம். மாலையில் மீனாட்சி அம்மன் கோயில்.

நாள் 10: அழகர்கோயில், பழமுதிர்சோலை. குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டம் வேண்டாம்!

நாள் 11: ஒன்றும் இல்லை.

நாள் 12: மதுரையிலிருந்து திருச்செந்தூர்.

நாள் 13: விடியற்காலைக் கடல், நாழிக்கிணறு, தரிசனம். இரவு ரயில்.

நாள் 14: சென்னை வழியாக வீடு.

பதினொன்றாம் நாள் ஏன் காலியாக இருக்கிறது என்று பார்க்கிறீர்களா? அச்சுப் பிழை இல்லை. துணி துவைக்க ஒரு நாள் வேண்டும். தம்பிக்கு வயிறு சரியில்லாமல் போகலாம். பழநியில் ரோப் கார் நின்று ஒரு நாள் தள்ளிப் போகலாம். காலி நாள் இருந்தால் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் மதுரையில் ஜிகர்தண்டா குடியுங்கள்!

காசும் டிக்கெட்டும்

நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள். பயணம், தங்குமிடம், சாப்பாடு, கட்டணங்கள், கைச்செலவு. சின்னச் செலவுதானே என்று எதையும் விடாதீர்கள். ஆறு பேர், ஒரு வேளை டீ அல்லது பாலுக்கு ஆளுக்கு 15 ரூபாய், தினமும் இரண்டு வேளை, 14 நாள் என்றால் 2,520 ரூபாய்! மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து, அவசரத்துக்கென்று அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். கணக்கு அதிகமாக வந்தால் நாட்களைக் குறையுங்கள். கடன் வாங்கிச் சுற்றுலா வேண்டவே வேண்டாம்.

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு, காலை 8 மணிக்குத் தொடங்கும். 2024 நவம்பருக்கு முன்பு இது 120 நாட்களாக இருந்தது. மே 3ல் கிளம்பினால் மார்ச் 4ல் டிக்கெட் எடுக்கலாம். திருச்செந்தூரிலிருந்து மே 15ல் திரும்புகிறீர்கள், அதற்கு மார்ச் 16தான் வாசல் திறக்கும். இரண்டு தேதிகளையும் காலண்டரில் வட்டம் போட்டு அப்பாவுக்கு நினைவுபடுத்துவது உங்கள் வேலை. பாட்டிக்குக் கீழ் படுக்கை கேட்க மறக்காதீர்கள்.

பாட்டியின் மாத்திரை, மருத்துவர் சீட்டு, தண்ணீர் பாட்டில், தொப்பி, எல்லோருடைய அடையாள அட்டை ஆகியவை ஒரு தனிப் பையில் இருக்கட்டும். தம்பியின் சட்டைப் பையில் அப்பாவின் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

அவ்வளவுதான் குட்டீஸ்! இந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் முதலில் பாட்டியிடம் காட்டுங்கள். "எந்தப் படியும் உங்களை மிரட்டாது பாட்டி. எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டோம்" என்று சொல்லுங்கள். பதின்மூன்றாம் நாள் விடியற்காலையில் திருச்செந்தூர் மணலில், அலை காலை நனைக்க, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கட்டும்.

அப்புறம் என்ன, இந்த ஞாயிறு காலை ஆறு மணி... மலையடிவாரம்... நோட்டும் பென்சிலும் ரெடியா?